கையில் வலு குறைந்தவர்களுக்குக் கைத்துப்பாக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பாக்கிப் பயிற்சித் தளம் ஒன்றில் புதிதாக வருபவர்களுக்குக் கூடமாட உதவுவது என் வேலை. மூட்டுவலிக்காரர்கள், ஒரு கை மட்டும் இயங்குபவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், அறுபதைத் தாண்டி முதல்முறையாகத் துப்பாக்கியைத் தொடுபவர்கள் என்று பலரும் வருகிறார்கள். கேள்விகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். சட்டப்படி உரிமம் பெற்றவர்களுக்கும் பெறப்போகிறவர்களுக்கும்தான் இது. படித்துவிட்டால் பயிற்சி முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

1. வீட்டுல ஒரு துப்பாக்கி இருந்தா நிம்மதியா தூங்கலாம்னு பார்க்கிறேன். சரிதானே?

முதலில் கதவு. நல்ல தாழ்ப்பாள், வாசலில் ஆள் நடமாடினால் எரியும் விளக்கு, படுக்கைக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிய போன். இந்த மூன்றும் இல்லாமல் துப்பாக்கி வாங்குவது கூரை இல்லாத வீட்டுக்குக் கதவு வைத்த கதைதான். பூட்டும் விளக்கும் உங்களுக்கு நேரம் வாங்கித் தருகின்றன. உடம்பு மெதுவாக இயங்குபவருக்கு நேரம்தான் எல்லாவற்றையும் விடப் பெரிய ஆயுதம்.

இவை எல்லாம் தோற்று, ஓடவும் முடியாமல், உயிர் போகும் நிலை வந்தால்தான் துப்பாக்கி. அந்த ஒரு நிமிடத்துக்காக அதை வருடக்கணக்கில் பத்திரமாக வைத்துக் காக்கவும் வேண்டும். இதற்குத் தயார் என்றால் மேலே படியுங்கள்.

2. எனக்கு ஒண்ணுமே தெரியாது. முதல் நாள் என்ன கத்துக்கணும்?

நான்கு விதிகள். ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பரப்பியவை, இன்று எல்லாத் தளங்களிலும் ஓதப்படுபவை. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா ஏற்றியதாகவே நினையுங்கள். அழிக்க மனமில்லாத எதன் மீதும் குழல்முனை திரும்பக்கூடாது. குறி இலக்கின் மேல் நிற்கும்வரை விரல் விசைக்கு (அழுத்தினால் சுடும் கொக்கிக்கு) வெளியே இருக்கட்டும். இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

விரல் மரத்துப்போனவர்களுக்கு மூன்றாவது விதிதான் கண்டம். சர்க்கரை நோயால் விரல் நுனியில் உணர்ச்சி குறைந்த ஒருவர், விரல் விசைமேல் இருப்பது தெரியாமலேயே பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் விரலை எங்காவது வெளியே வைத்தால் போதும் என்று விட்டுவிடக்கூடாது. குழலுக்கு இணையாக, சட்டகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அழுத்தி வைத்துப் பழக வேண்டும். உணர்ச்சி போன இடத்தில் பழக்கம்தான் காவல்.

3. வயசானவங்களுக்கும் பெண்களுக்கும் ரிவால்வர்தான் லாயக்குன்னு கடையில சொல்றாங்களே?

சுலபமாகத் தெரிவதால் சொல்கிறார்கள். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் சிலிண்டரில் இருக்கும். பிஸ்டலில் அவை கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் இருக்கும், மேல் பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் முதல் தோட்டா ஏறும். ரிவால்வரில் ஸ்லைடு இழுக்க வேண்டாம், தோட்டா இருப்பது கண்ணுக்குத் தெரியும், ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை அழுத்தினால் அடுத்தது வந்து நிற்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் சிலிண்டரையும், தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலான குதிரையையும் விரலே நகர்த்த வேண்டியிருப்பதால், ரிவால்வரின் விசைக்குச் சாதாரணமாக 4.5 முதல் 5.5 கிலோ அழுத்தம் தேவைப்படும். இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில் அது ஏறத்தாழ 2.5 கிலோதான். ஸ்லைடு இழுப்பதைத் தவிர்க்கப் போய், ஒவ்வொரு குண்டுக்கும் விரலை வதைக்கிறோம்.

ஆகவே உங்கள் பலவீனம் எங்கே என்று பாருங்கள். தோளும் முழங்கையும் சரியாக இருந்து விரல்மூட்டு மட்டும் வீங்கியிருந்தால் பிஸ்டல் நல்லது. விரலில் வலு இருந்து பிடி தளர்வாக இருந்தால் ரிவால்வர். பிஸ்டலுக்கு இறுக்கமான பிடி தேவை. மணிக்கட்டு தொய்ந்தால் ஸ்லைடு முழுத்தூரம் ஓடாமல் நடுவில் சிக்கிக்கொள்ளும். ரிவால்வருக்கு அந்தத் தொல்லை இல்லை.

ரிவால்வர் எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடுக்கிலிருந்து சுடும்போது சூடான வாயு பக்கவாட்டில் சீறும். பிடி போதவில்லை என்று மறுகை விரல்களை முன்னால் நீட்டித் தாங்கினால் விரல் வெந்துவிடும்.

4. தம்பி, அந்த மேல் பாகத்தை என்னால இழுக்கவே முடியலை. கை வலு போதாதா?

அம்மா, பெரும்பாலும் கை வலு குறையல்ல, இழுக்கும் விதம்தான். இரண்டு விரலால் கிள்ளி, கையை நீட்டிக்கொண்டு இழுத்தால் எனக்கே வராது. துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவாருங்கள். இடது உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து முழுக் கையாகப் பற்றி, அந்தக் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, வலது கையால் கைப்பிடியை முன்னால் தள்ளுங்கள். இழுப்பது விரல், தள்ளுவது தோள். ஸ்லைடு கடைசிவரை வந்ததும் கூடவே போகாமல் விட்டுவிட வேண்டும். இதைச் செய்யும்போது குழல் தன் இடது முழங்கையைப் பார்ப்பது எல்லோருக்கும் வரும் தப்பு. உடம்பைச் சற்றுத் திருப்பி நின்றால் குழல் இலக்குப் பக்கம் இருக்கும்.

வெளியே குதிரை தெரிகிற பிஸ்டல் என்றால், முதலில் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு மடக்கிவிட்டு அப்புறம் ஸ்லைடைத் தொடுங்கள். பாதிப் பாரம் குறைந்ததுபோல் இருக்கும்.

இதற்கெனவே மெலிந்த ஸ்பிரிங்கோடு செய்யப்படும் மாடல்களும் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த 'ஷீல்ட் ஈஸி' அப்படிப்பட்டது. பெரட்டா நிறுவனத்தின் சில சிறிய பிஸ்டல்களில் குழலின் பின்பக்கத்தைத் தூக்கி, முதல் தோட்டாவைக் கையாலேயே போடலாம். ஸ்லைடைத் தொடவே வேண்டாம். ஆனால் சுடும்போது நடுவில் சிக்கினால் அங்கேயும் ஸ்லைடில்தான் கை வைக்க வேண்டியிருக்கும்.

5. என் மகன் ஸ்லைடை இழுத்துத் தோட்டா ஏத்திக் கொடுத்துடுவான். நான் சுட்டா மட்டும் போதும் இல்லையா?

போதாது. ஏற்றத் தெரியாதவருக்கு இறக்கவும் முடியாது, சிக்கினால் சரிசெய்யவும் முடியாது. பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்துக்குத்தானே இதை வாங்குகிறீர்கள்? உங்கள் கையால் ஏற்றி, இறக்கி, சுட முடிகிற துப்பாக்கிதான் உங்கள் துப்பாக்கி. அதையும் வலி இல்லாத நாளில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூட்டு இறுகி, காப்பி டம்ளரைத் தூக்கவே சிரமப்படும் காலைப்பொழுதில் தளத்துக்கு வாருங்கள். அன்று எது உங்கள் கைக்கு அடங்குகிறதோ அதை வாங்குங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவு வைப்பதென்றால் இதை வையுங்கள்.

6. எனக்குச் சின்ன கை. சின்னத் துப்பாக்கிதானே பொருத்தம்?

கைக்குள் அடங்கும், ஆனால் சுடும்போது கையைப் பின்னுக்கு உதைக்கும். ஒரே தோட்டாவை 425 கிராம் எடையுள்ள அலுமினிய ரிவால்வரில் சுடுவதற்கும், 650 கிராம் எஃகு ரிவால்வரில் சுடுவதற்கும் உள்ள வித்தியாசம் உள்ளங்கைக்குத் தெரியும். எடைதான் உதைப்பைத் தின்கிறது. குட்டி பிஸ்டலின் ஸ்லைடு ஸ்பிரிங்கும் பெரும்பாலும் கடினமாகத்தான் இருக்கும்.

இன்னொரு விசித்திரம்: சின்னத் தோட்டா என்பதால் .380 (இந்த எண்கள் குண்டின் குறுக்களவு, ஏறத்தாழ அங்குலத்தில்) பிஸ்டல் மென்மையாக இருக்கும் என்று வாங்குவார்கள். ஆனால் பழைய பாணி .380 பிஸ்டல்கள் பலவற்றில் ஸ்லைடைப் பூட்டும் ஏற்பாடு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே வெடிப்பைத் தாங்க வேண்டும் என்பதால் ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருக்கும். நடுத்தர அளவு 9 எம்எம் பிஸ்டலில் குழலும் ஸ்லைடும் ஒரு கணம் பூட்டிக்கொண்டு பிறகு பிரிவதால், அதை இழுப்பது சில சமயம் இதைவிடச் சுலபம். கையில் எடுத்துப் பார்க்காமல் அளவை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

7. .22 போதுமா? எல்லாரும் சிரிக்கிறாங்க.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பெரிய தோட்டாவைச் சுட்டுக் கண்ணை மூடிக்கொள்பவரைவிட, .22-ஐ ஐந்து முறை ஒரே இடத்தில் வைப்பவர் தேவலை. அதன் உண்மையான குறை வேறு. தீப்பற்றும் மருந்து தோட்டாவின் விளிம்பில் இருப்பதால், மற்ற தோட்டாக்களைவிட இது வெடிக்காமல் போவது சற்று அதிகம். ரிவால்வரில் இது பெரிய பிரச்சினையல்ல. ஆனால் .22 ரிவால்வரின் விசை மற்ற ரிவால்வர்களைவிடவும் கனமாக இருப்பதுண்டு. விரல்வலிக்காரர்கள் சுட்டுப் பார்த்து வாங்குங்கள்.

நடுவழியும் இருக்கிறது. .38 ரிவால்வரில் 'வாட்கட்டர்' எனப்படும் தட்டைமுனைத் தோட்டாவைப் போட்டால் உதைப்பு நன்றாகக் குறையும். .32 மேக்னம் ரிவால்வர்களும் மெல்ல உதைப்பவை, அதே அளவு சிலிண்டரில் ஐந்துக்குப் பதில் ஆறு தோட்டா பிடிக்கும். எதை எடுத்தாலும் கைத்துப்பாக்கிக் குண்டு ஆளைத் தூக்கி எறியாது. அதெல்லாம் சினிமா. 1986-இல் அமெரிக்காவின் மயாமியில், அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஆட்களோடு நடந்த மோதலில் குண்டுபட்ட பிறகும் கொள்ளையர்கள் தொடர்ந்து சுட்டார்கள். அதன் பிறகுதான் எஃப்பிஐ, குண்டு, உடல் தசைக்கு ஈடாக வைக்கும் சோதனை ஜெல்லில் 12 முதல் 18 அங்குலம் இறங்க வேண்டும் என்று அளவுகோல் வகுத்தது. குண்டு எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதுதான் கணக்கு.

8. மேகசின்ல தோட்டா ஏத்தவே கட்டைவிரல் போயிடுது.

லோடர் என்று சின்னக் கருவி கிடைக்கிறது. ஸ்பிரிங்கை அது அழுத்திக்கொள்ளும், நீங்கள் தோட்டாவை நழுவவிட்டால் போதும். இதைப் பயன்படுத்துவதில் வெட்கம் ஒன்றுமில்லை, பயிற்சியாளர்களே அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

9. கண்ணாடி போட்டாலும் முன்குறி மங்கலாத்தான் தெரியுது. கிட்டத்துக் கண்ணாடியைப் போட்டா ஆளே தெரியலை.

வெள்ளெழுத்து வந்த எல்லோருக்கும் உள்ள தொல்லை இது. துப்பாக்கியின் மேலே பின்பக்கம் உள்ள பின்குறி, நுனியில் உள்ள முன்குறி, இலக்கு மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. வயதான கண்ணால் அவற்றுக்கு நடுவில் தாவ முடியாது. சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி பொருத்தினால் இந்தத் தொல்லை தீரும். புள்ளி இலக்கின் மேலேயே மிதப்பதுபோல் தெரியும், கண் இலக்கைப் பார்த்தால் போதும். கண்ணில் சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்குப் புள்ளி வால்நட்சத்திரம்போல் கிழிந்து தெரியலாம். வாங்குமுன் உங்கள் கண்ணால் பாருங்கள். பேட்டரி மாற்றும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

அது வேண்டாம் என்றால் முன்குறியில் பளிச்சென்ற வண்ணம் பூசினாலே வீட்டுக்குள் உள்ள தூரத்துக்குப் போதும். ஆனால் இருட்டில் வந்திருப்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த பேரனா என்று தெரியாத கண்ணுக்கு எந்தக் குறிநோக்கியும் உதவாது. கையில் தனியாக ஒரு டார்ச் வேண்டும். துப்பாக்கியில் பொருத்திய விளக்கால் ஆளைத் தேடினால் குழலும் கூடவே தேடும். அது இரண்டாவது விதியை மீறுவது.

10. காதுல மெஷின் வச்சிருக்கேன். அது போதும் இல்லையா?

போதாது. கைத்துப்பாக்கிச் சத்தம் 150 டெசிபலுக்கும் மேலே போகும். காதுகேள் கருவி காதைக் காக்காது. அதைக் கழற்றிவிட்டால் பயிற்சியாளர் 'நிறுத்து' என்பது கேட்காது. மெல்லிய பேச்சைக் கூட்டி, வெடிச்சத்தத்தை அடைக்கும் மின்னணுக் காதுக்கவசத்தைப் போடுங்கள். வகுப்பு தொடங்கும்முன் உங்கள் நிலையைச் சொல்லிவிடுங்கள்.

11. கை நடுங்குது. பார்க்கின்சன் ஆரம்பம்னு டாக்டர் சொல்றார்.

நடுக்கம் குறியை ஆட்டும், உண்மைதான். அறைக்குள் மூன்று நான்கு மீட்டர் தூரத்தில் சிறு ஆட்டம் பெரிய பாதகமில்லை. விசையைத் திடீரென்று பிடுங்குவதுதான் குண்டைத் தவறவிடும். முழங்கையைக் கட்டில் விளிம்பிலோ மேசையிலோ ஊன்றிக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த நோய் நிற்பதில்லை. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் ஒருவராகவும், அதன் வேகம் குறையும் நேரத்தில் இன்னொருவராகவும் இருப்பீர்கள். 5-ஆம் கேள்வியில் சொன்ன மோசமான நாள் உங்களுக்குத் தினமும் சில மணி நேரம் வருகிறது. அந்த நேரத்தில் விரலை விசைக்கு வெளியே வைக்க முடியவில்லை என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

12. எனக்கு ஒரு கைதான் வேலை செய்யும். முடியுமா?

முடியும். சுடுவதில் பெரிய சிரமம் இல்லை, ஏற்றுவதும் சிக்கலை எடுப்பதும்தான் வேலை. பிஸ்டலின் பின்குறி செங்குத்தான முகப்போடு இருந்தால் அதை இடுப்புப்பட்டை விளிம்பிலோ காலணியின் குதியிலோ கொளுவி, கீழே தள்ளி ஸ்லைடை இயக்கலாம். சரிவான பின்குறி வழுக்கும். மேகசின் மாற்ற, துப்பாக்கியை உறையில் செருகியோ முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கியோ வைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் போலித் தோட்டாவோடு, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, நூறு தடவை செய்த பிறகுதான் உண்மைத் தோட்டா. ஒற்றைக் கையால் ரிவால்வரில் தோட்டா மாற்றுவது இதைவிடச் சள்ளை.

13. சக்கர நாற்காலியில் இருக்கேன். துப்பாக்கியை நாற்காலிப் பையில வச்சுக்கலாமா?

கூடாது. நாற்காலி கவிழ்ந்தால் நீங்கள் ஒரு பக்கம், பை ஒரு பக்கம். யாராவது பின்னாலிருந்து உருவவும் முடியும். உடம்போடு இருக்கட்டும். இடுப்புப் பக்கவாட்டு உறை கைதாங்கியில் இடிக்கும். வயிற்றுக்கு நேரே வைத்தால் உட்கார்ந்த நிலையில் குழல் தொடையைப் பார்க்கும். சற்று முன்தள்ளி, எதிர்ப்பக்கக் கையால் எடுக்கும்படி வைக்கும் குறுக்கு உறை பலருக்கு ஒத்துவருகிறது. அப்போதும் உருவும்போது குழல் உங்கள் கால்மீதோ மறுகைமீதோ போகாமல் பழக வேண்டும்.

தண்டுவடக் காயத்தால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்கள் இரண்டைக் கவனியுங்கள். உறை அழுத்திய இடத்தில் படுக்கைப்புண் வரலாம், தினமும் கண்ணாடியில் பாருங்கள். மடியில் விழும் சூடான காலித் தோட்டா சுடுவது தெரியாது. தளத்தில் மடிமேல் கெட்டித் துணி போட்டுக்கொள்ளுங்கள்.

14. ஊன்றுகோல் பிடிக்கிற கையாலதான் நான் சுடவும் செய்வேன். கோலை மாத்திப் பிடிக்கணுமா?

மாற்றாதீர்கள். பழுதான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் கோலைப் பிடிக்கச் சொல்வார்கள், அது உங்கள் நடைக்காக. தினமும் விழும் அபாயத்தைவிட என்றோ வரும் ஆபத்து பெரிதல்ல. கோலைக் கீழே விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்தபடி எடுக்கப் பழகுங்கள். கோலைக் கைவிட மனம் தயங்கும் பாருங்கள், அதுதான் பழக வேண்டிய இடம்.

15. 21 அடிக்குள்ள வந்தா சுடலாம்னு ஒரு ரூல் இருக்காமே?

அப்படி விதி எதுவும் இல்லை. டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் 1983-இல் எழுதியதைத் திரித்துவிட்டார்கள். ஓர் ஆள் 21 அடியை, அதாவது சுமார் 6.4 மீட்டரை, ஏறத்தாழ ஒன்றரை வினாடியில் ஓடிக் கடந்துவிடுவார் என்று அவர் காட்டினார். பயிற்சி பெற்றவருக்கு உறையிலிருந்து எடுத்துச் சுடவும் ஏறத்தாழ அதே நேரம்தான் ஆகும். அது சுடுவதற்கான அனுமதி அல்ல, எச்சரிக்கை.

உங்களுக்கும் எனக்கும் அதிலுள்ள பாடம் வேறு. எடுக்க மூன்று வினாடி ஆகிறது என்றால் உங்கள் தூரம் இரட்டிப்பு. அவ்வளவு தூரம் எந்த அறையிலும் இருக்காது. அதனால்தான் 1-ஆம் கேள்வியில் கதவைச் சொன்னேன். இரவில் சத்தம் கேட்டால் வீடு முழுக்கத் தேடிப்போகாதீர்கள். படுக்கையறைக் கதவைப் பூட்டி, கட்டிலுக்குப் பின்னால் இருந்துகொண்டு, போலீஸுக்குப் போன் போட்டு, "போலீஸுக்குச் சொல்லியாச்சு" என்று கத்துங்கள். நடக்க முடியாதவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, நடக்க முடிந்தவருக்கும்தான்.

16. கொல்ல மனசு வராது. கால்ல சுட்டா போதாதா? இல்லன்னா மேல நோக்கி ஒரு வெடி?

ஓடிவருபவரின் கால் சின்ன இலக்கு, ஆடுகிற இலக்கு. தவறிய குண்டு சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். பட்டாலும் தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, ஆள் சாகலாம். மேல்நோக்கிச் சுட்ட குண்டும் எங்கோ இறங்கத்தான் செய்யும். துப்பாக்கியால் சுடுவதே பொதுவாக உயிரைப் பறிக்கக்கூடிய தாக்குதல் என்றுதான் சட்டம் பார்க்கும், எங்கே குறிவைத்தீர்கள் என்பதை வைத்து அல்ல. மனசு வராது என்றால் அது குறையே இல்லை. துப்பாக்கி வேண்டாம் என்று முடிவெடுங்கள், மிளகு ஸ்ப்ரே இருக்கிறது.

17. நான் வயசான ஆளு, வந்தவன் வாட்டசாட்டமா இருந்தா, அவன் கையில ஆயுதம் இல்லைன்னாலும் சுடலாமா?

சிக்கலான கேள்வி, உங்கள் ஊர் வழக்கறிஞரிடம்தான் முழுப் பதில் கிடைக்கும். பொதுவாகப் பல நாடுகளின் சட்டமும் மூன்றைக் கேட்கும்: ஆபத்து அந்தக் கணத்திலேயே இருந்ததா, வேறு வழி இல்லையா, பதிலடி ஆபத்தின் அளவுக்குள் இருந்ததா. உடல்நிலை இங்கேதான் கணக்கில் வரும். இளைஞருக்கு வெறும் அடியாக முடிவது, எலும்பு உளுத்த எழுபத்தைந்து வயதுக்காரருக்கு உயிர் போகும் அடியாகலாம். தப்பி ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கும் இடங்களிலும், ஓட முடியாதவரிடம் அதே அளவில் எதிர்பார்ப்பது கடினம். அதற்காக ஊன்றுகோலே உரிமம் என்று எண்ணிவிடாதீர்கள். திரும்பி ஓடுபவரைச் சுட்டால் எந்த வயதும் காப்பாற்றாது. உங்கள் நோய் குறித்த மருத்துவக் காகிதங்களைத் தேதியோடு எடுத்து வையுங்கள், பிறகு அவைதான் பேசும்.

18. சுட்டுட்டேன்னு வச்சுக்குவோம். அப்புறம்?

உதவிக்குப் போன் செய்து, ஆம்புலன்ஸும் கேளுங்கள். எந்த அறையில் இருக்கிறீர்கள், என்ன உடை என்று சொல்லுங்கள். ஆபத்து விலகியதும் துப்பாக்கியைக் கீழே வைத்து, போலீஸ் நுழையும்போது வெறும் கையைக் காட்டுங்கள். காது அடைத்து, அவர்கள் கத்துவது கேட்காமல் போகலாம். யார் தாக்கினார்கள், சாட்சி யார் என்பதைச் சொல்லிவிட்டு, மீதியை வழக்கறிஞர் வந்ததும் பேசுகிறேன் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

19. தலையணைக்கு அடியில வச்சாத்தானே அவசரத்துக்கு உதவும்?

தூக்கக் கலக்கத்தில் விரல் விசைக்குள் போவதற்கும் அதுதான் வழி. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலோ சுவரிலோ திருகிய, வேகமாகத் திறக்கும் சிறு பெட்டகம் வாங்குங்கள். கைரேகைப் பூட்டை நம்பி ஏமாறாதீர்கள். வயதாக ஆகக் கைரேகை தேய்ந்துவிடும், தோலும் வறண்டுவிடும், பெட்டி உங்களை அடையாளம் தெரியாது என்றுவிடும். பெரிய பொத்தான் உள்ள எண்பூட்டு நல்லது. இருட்டில், கண்ணாடி இல்லாமல் திறந்து பாருங்கள். பேரக்குழந்தைகள் வரும் வீட்டில் பெட்டகத்துக்கு வெளியே துப்பாக்கி இருக்கும் நேரம் உங்கள் உடம்போடு இருக்கும் நேரம் மட்டுமே.

20. மாசத்துக்கு எத்தனை குண்டு சுடணும்?

குறைவாகச் சுடுங்கள், நிறையத் தோட்டா இல்லாமல் பழகுங்கள். மூட்டுவலிக்காரர் ஒரே நாளில் நூறு குண்டு சுட்டால் நான்கு நாள் கை எழாது, வலியில் கண்ணை மூடும் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். முப்பது போதும். வீட்டில், தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் இருக்க, சுடும் தோட்டா நிற்கும் அறையான சேம்பரை இரண்டு முறை பார்த்துவிட்டு, போலித் தோட்டாவோடு தினம் ஐந்து நிமிடம் விசையழுத்தப் பழகுங்கள். .22 துப்பாக்கியில் போலித் தோட்டா இல்லாமல் வெறுமனே அழுத்தினால் சில மாடல்களில் சேம்பர் விளிம்பு நசுங்கும். தளத்திலிருந்து வந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், காரீயத் தூசி ஒட்டியிருக்கும்.

21. அப்பாவுக்கு மறதி அதிகமாகிட்டே வருது. துப்பாக்கியை எப்படி வாங்கி வைக்கிறது? கேட்டா கோபப்படறார்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நேரம் கொஞ்சம் கடந்துவிட்டது என்றே தோன்றும். நினைவு தெளிவாக இருக்கும்போதே பேசி எழுதி வைத்திருக்க வேண்டும்: இன்னின்ன நடந்தால் துப்பாக்கி இன்னாரிடம் போகும் என்று. வீட்டில் உள்ளவர்களைப் பெயர் மாற்றிக் கூப்பிடுவது, இரவில் யாரோ வந்ததாகச் சொல்வது, தூக்க மருந்தோ வலிமருந்தோ கூடுவது, துணையை இழந்து பேச்சு குறைவது எல்லாம் அதற்கான அறிகுறிகள். கடைசியாகச் சொன்னதை லேசாக எடுக்காதீர்கள். தனிமையிலும் மனச்சோர்விலும் இருப்பவர் வீட்டில் துப்பாக்கி அவருக்கே ஆபத்து.

இப்போது என்ன செய்வது? சண்டை போட்டுப் பிடுங்காதீர்கள். அவர் மதிக்கும் மருத்துவரையோ பழைய நண்பரையோ பேச வையுங்கள். உங்கள் ஊர்ச் சட்டப்படி யார் கையில் வைக்கலாம், எங்கே ஒப்படைக்கலாம் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாத நீங்களே தூக்கிக்கொண்டு போனால் அது வேறு வழக்காகிவிடும். பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லி நகர்த்தியவர்களும் உண்டு, அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவர் தன் அப்பாவை எங்கள் தளத்துக்கே அழைத்து வந்தார். பெரியவர் வெற்றுத் துப்பாக்கியை எடுத்தார், ஸ்லைடைத் தள்ளப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி பார்த்தார். பிறகு அதை மேசைமேல் வைத்து, குழல் சுவர்ப்பக்கம் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, மகனிடம் பெட்டகத்தின் எண்ணைச் சொன்னார்.